ஐம்பது கதிரைகளும் ஒரு கணித ஆசிரியரும்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் கொமியுனிகேஷன் இருக்கிறது. போட்டோ கொப்பி, தட்டச்சு, லெமினேட், தொலைபேசி அட்டை, பரீட்சைக் காலத்தில் கடந்தகால வினாத்தாள். கணவர் ஆரம்பித்த கடை. பதினாறு வருடங்களாக நான்தான் இருந்து நடத்துகிறேன். இந்தக் காலத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எத்தனை கடிதங்கள் தட்டச்சு செய்து கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம் வரும். சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, எங்கள் ஐயாவுக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும்" என்பார்கள்.

அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. "கனம் பாராளுமன்ற உறுப்பினர் அவர்கட்கு" என்று தொடங்கும். "நாங்கள் மேற்படி தோட்டத்தில் பல வருடங்களாக வசித்து வரும் ஏழைத் தொழிலாளர்கள்" என்று நகரும். "ஆகவே ஐயா அவர்கள் எங்கள் மீது கருணை கூர்ந்து" என்று குனிந்து, "தாழ்மையுடன்" என்று முடியும். சொல்பவர் பாதியில் நிறுத்தினாலும் மீதியை என் விரல்கள் தாமாகவே அடித்துவிடும்.

கேட்பவையும் பெரிதாக மாறாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குக் கூரைத் தகடு, பாதைக்குக் கொங்கிரீட், கோவிலுக்கு ஒலிபெருக்கி, வாலிபர் கழகத்துக்கு கிரிக்கெட் மட்டை, படித்த பிள்ளைக்கு எங்கேயாவது ஒரு வேலை. பாடசாலைக்கென்றால் கதிரை, மேசை, பாண்ட் வாத்தியம், விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை, அந்த வெற்றிடத்தைப் பற்றி நீங்கள் பாராளுமன்றத்தில் பேசுங்கள் என்று கேட்ட ஒரு கடிதத்தைக்கூட நான் அடித்ததில்லை. எனக்கும் அது தோன்றியதில்லை, என் மகள் பத்தாம் தரத்துக்கு வரும் வரை.

அரசாங்கத்தின் பணம் பாடசாலைக்குள் எந்த இடம் வரை வந்து நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க எங்கள் போட்டோ கொப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வாரம் நின்றால் போதும். இலவசக் கல்வி நாடு இது. பாடப் புத்தகம் 1980 முதல் இலவசம், சீருடைத் துணி 1993 முதல் இலவசம். இரண்டும் பெரிய விடயங்கள். அவை இல்லாமல் நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் தவணைப் பரீட்சை வந்தால் ஆசிரியர்கள் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். பிள்ளைகளிடம் சேர்த்த சில்லறையை மேசையில் கொட்டி எண்ணுகிறார்கள். குறைந்தால் தங்கள் பணப்பையைத் திறக்கிறார்கள். 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்டார்கள். கடதாசி விலை நாளுக்கொன்றாக ஏறிய அந்த மாதங்களில், ஒரு டீச்சர் நான்கு பக்க வினாத்தாளைச் சுருக்கி ஒரே தாளில் இருபுறமும் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். எழுத்து எறும்பு போல இருந்தது. "கண்ணாடி போடும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் டீச்சர்?" என்றேன். "நான் வாசித்துக் காட்டுகிறேன்" என்றார். அந்தப் பதில் இன்னும் என் காதிலே நிற்கிறது.

என் மகளின் பாடசாலை மாகாண சபைக்கு உரியது. தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் இருக்கிறது. பதினோராம் தரம் வரை உண்டு. அங்கிருந்த கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சொந்த ஊருக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை அறையில் ஆறு வருடம் தனியாக இருந்தவர். அவர் போன பிறகு கணிதப் பாட வேளையில் யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் வகுப்புக்குப் போனார். சமய ஆசிரியர் ஒரு வாரம், சித்திர ஆசிரியர் ஒரு வாரம். பிள்ளைகள் பயிற்சிப் புத்தகத்தில் பெயரை அழகாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் எத்தனை வாசல்கள் அடைபடும் என்பதைக் கடையில் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. வீட்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் சேர்த்து உயர்தரம் முடித்த பிள்ளை ஒன்றை வைப்பது ஒன்று. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் கொடுப்பது மற்றது. கூட்டத்துக்காக அரைப் பேரை, அதாவது அரைநாள் கூலியை, விட்டுவிட்டு வந்திருந்த மேட்டு லயத்து அக்கா எழுந்து, "இந்த மாதம் ஐந்நூறு தரலாம். அடுத்த மாதம் மழை பெய்து வேலை குறைந்தால் கணக்குப் பாடத்தையும் நிறுத்திவிடுவீர்களா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. கடிதம் என்று முடிவாயிற்று. அதை அடித்தது நான்தான்.

என் தப்பு அங்கேதான் நடந்தது. பழக்கமான வார்ப்பிலேயே அடித்துவிட்டேன். பாடசாலையின் குறைகள் என்று ஒன்பது விடயங்களை வரிசையாகப் போட்டேன். கணித ஆசிரியர் ஏழாவது. கதிரை மூன்றாவது. இரண்டு மாதத்தில் உறுப்பினரே நேரில் வந்தார். பிள்ளைகள் பாண்ட் வாசித்து அழைத்து வந்தார்கள், பொன்னாடை போர்த்தினோம், ஐம்பது பிளாஸ்டிக் கதிரைகளைத் தந்துவிட்டுப் போனார். கதிரை தேவைதான், இன்றும் பிள்ளைகள் அவற்றில்தான் இருக்கிறார்கள். ஆனால் அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, புதுக் கதிரையில் இருந்து சும்மா இருந்தோம்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மீது வந்த கோபம் கொஞ்சம், என் மீது வந்தது அதிகம். ஒருவரிடம் ஒன்பது விடயங்களைக் கேட்டால் அவரால் எளிதாகச் செய்யக்கூடியதைத்தான் செய்வார். கதிரை, உறுப்பினர்கள் மூலம் செலவிடப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து வாங்கக்கூடியது. லொறியில் ஏற்றலாம், கொடுக்கும்போது படம் எடுக்கலாம். கட்டிடத்துக்குப் பெயர்க்கல் பதிக்கலாம். கணித ஆசிரியரின் சம்பளம் மாதம் தவறாமல், முப்பது வருடங்களுக்கு, மீண்டெழும் செலவினம் என்ற தலைப்பின் கீழ் வர வேண்டிய பணம். அதன் மீது யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. அதனால்தான் அதைக் கேட்பதற்கு வேறு விதமான கடிதம் தேவைப்படுகிறது.

நாங்கள் ஏன் இப்படிக் கேட்கப் பழகினோம் என்பதற்கு அப்பாதான் எனக்குச் சாட்சி. அவர் பிறந்தது 1950 இல். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1947 தேர்தலில், தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நுவரெலியாவுக்குத் தொண்டமான், தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை. 1948 இல் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வெல்லவில்லை. மறுபடி தொண்டமான் தேர்தலில் நின்று வென்றது 1977 இல். இடையில் இருபத்தைந்து வருடங்கள்.

இந்த இருபத்தைந்து வருடங்களைப் பாடசாலையோடு சேர்த்துப் பாருங்கள். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1977க்குப் பிறகு, படிப்படியாக. வாக்கு இல்லாத காலமும் பாடசாலை வெளியே நின்ற காலமும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே பொருந்துகின்றன. வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தனக்குக் கடிதம் எழுதக்கூடிய வாக்காளர் இல்லாத இடத்துப் பாடசாலையைப் பற்றி எந்த உறுப்பினர் எழுந்து பேசுவார்?

அப்பா படித்தது கொழுந்து நிறுக்கும் கொட்டகையான ஒரு மடுவத்தில், ஒரே ஆசிரியரிடம், ஐந்தாம் வகுப்பு வரை. பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயதுக்குச் சற்றுக் குறைவு. அதுவரை அவர் எதையும் கேட்டது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம், தலைவர் மாவட்டத் தலைவரிடம், அவர் மேலே. படிக்கட்டில் ஏறி ஏறித்தான் கோரிக்கை போனது. தொழிற்சங்கம் இல்லாவிட்டால் அதுவும் போயிருக்காது, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் வாக்கு கைக்கு வந்த பிறகும் அந்தப் படிக்கட்டை விட்டு நாங்கள் இறங்கவில்லை. என் புதிய கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டியபோது, "தாழ்மையுடன் என்று போடவில்லையே, கோபித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டார். எழுபதைத் தாண்டிய மனிதர்.

அந்தக் கடிதத்துக்கு முன்பு நான் சில விடயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சின் கீழ், மாகாணப் பாடசாலை என்றால் மாகாண சபையின் கீழ். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு அதுதான் ஏற்பாடு. மலையகத்தின் பெரும்பாலான தமிழ்ப் பாடசாலைகள் இரண்டாவது வகை. அப்படியானால் மாகாண சபை உறுப்பினருக்குத்தானே எழுத வேண்டும்? மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். அதன் காலம் 2018 இல் முடிந்தது. பக்கத்து ஊவா மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநர் இருக்கிறார், அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. எங்கள் பிள்ளைகளின் பாடசாலையை நிர்வகிக்கும் சபையில் நாங்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லை என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மாகாணத்துக்கான பணமோ கொழும்பிலிருந்து வருகிறது. நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கிறது, பாராளுமன்றம் ஒதுக்குகிறது. ஆகவே மிச்சமிருக்கும் வாசல் பாராளுமன்றம்தான்.

அடுத்து, எங்கள் கல்வி வலயத்தில் உண்மையில் எத்தனை கணித ஆசிரியர்கள் குறைவு என்று தெரிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறியது, 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவார்களா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். நான் கேட்டது ஒரு பாடசாலைக்கு அல்ல, வலயத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகள் அனைத்துக்கும்: கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இருப்பவர்கள் எத்தனை பேர்? முதலில் வந்த பதில் சிங்களத்தில் இருந்தது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டு, தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெற உரிமை உண்டு என்று மறுபடி எழுதினேன். தமிழில் வந்தது. கடையில் உட்கார்ந்து அந்த அட்டவணையை வரி வரியாகப் பார்த்தேன். எங்கள் பாடசாலை அதில் ஒரு வரி மட்டும்தான்.

பிறகு மேட்டு லயத்து அக்காவையும் இன்னும் பத்து அம்மாக்களையும் கூட்டினேன். இம்முறை தட்டச்சு வேண்டாம் என்றேன். என் தொழிலுக்கு எதிரான யோசனைதான். ஆனால் ஒரே எழுத்தில் அடித்த கடிதத்தின் கீழே நூறு கையெழுத்து இருந்தாலும் அது ஒரு கடிதம். பதினொரு கையெழுத்தில் பதினொரு கடிதங்கள் போனால் அவை பதினொரு வாக்காளர்கள். ஒருவர் தயங்கினார். "என் எழுத்து கோணல், ஐயாமார் சிரிப்பார்கள்" என்றார். கொழுந்துக் கறை கழுவிப் போகாத விரல்களால், ஒவ்வொரு எழுத்தாக, ஒரு பக்கத்தை முடிக்க அவருக்கு இரண்டு மணித்தியாலங்கள் ஆயிற்று. அதில் ஒரு வரி: "என் மகன் கணக்கில் கெட்டிக்காரன் என்று ஐந்தாம் தரத்தில் டீச்சர் சொன்னார், இப்போது அது உண்மையா என்று பார்க்க ஆள் இல்லை." நான் எத்தனை கடிதம் அடித்தவள். இப்படி ஒரு வரி எனக்கு வராது.

ஒரு பக்கத்துக்கு மேல் யாரும் எழுதவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் கல்வி அமைச்சின் ஒதுக்கீடு வரும் நாளில் எழுந்து, எங்கள் வலயத்தின் இந்த வெற்றிடங்களை நிரப்பப் பணம் எங்கே இருக்கிறது, எப்போது நிரப்புவீர்கள் என்று கேளுங்கள். விவாதத்தில் நேரம் கிடைக்காவிட்டால் வாய்மூல விடைக்கான வினாவாகக் கொடுங்கள். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், அது பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். கதிரையை யார் தந்தார் என்பது இரண்டு வருடத்தில் மறந்துவிடும். ஹன்சாட்டில் ஏறியதை அடுத்த வருடமும் எடுத்துக் காட்டலாம்.

நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர்கள். விகிதாசாரத் தேர்தலில் எட்டுப் பேரும் மாவட்டம் முழுவதற்கும் உரியவர்கள். நாங்களோ இத்தனை காலமும் "நம் ஆளுக்கு" மட்டும்தான் எழுதினோம். இம்முறை எட்டுப் பேருக்கும் அனுப்பினோம், சிங்கள உறுப்பினர்களுக்கு மொழிபெயர்ப்போடு. பக்கத்துக் கடை மல்லி அதைக் காசு வாங்காமல் செய்து தந்தார். அனுப்பியது ஒக்டோபரில். வழக்கமாக நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டு டிசம்பரில் வாக்கெடுப்பு முடிந்துவிடும். ஜனவரியில் எழுதும் கடிதம் பந்தி முடிந்த பிறகு போடும் இலை.

பதில் முகவரியாக என் கடையைப் போட்டோம். லயத்துக்கு இலக்கம் கிடையாது, தோட்டத்துக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, யார் மூலமாவது, எப்போதாவது வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிரதிநிதிக்குக் கடிதம் எழுதும் உரிமை இருக்கிறது, அவருடைய பதில் வீட்டு வாசலுக்கு வரும் வசதி இல்லை. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இரண்டு உறுப்பினர்கள் கடிதம் கிடைத்தது என்று எழுதினார்கள். ஒருவரின் இணைப்புச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்குப் பின்னால் எந்தக் கட்சி?" என்று கேட்டார். பின்னால் ஒரு வகுப்பு இருக்கிறது, பத்தாம் தரம் என்றேன். மற்றொருவர் அட்டவணையின் பிரதியை அனுப்பச் சொன்னார். குழுநிலை விவாதத்தில் அவருக்குக் கிடைத்த சில நிமிடங்களில் எங்கள் வலயத்தின் கணித வெற்றிடத்தைச் சொன்னார். நான்கே வாக்கியங்கள்தான். கடையில் தொலைபேசியை நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்டு லயத்து அக்கா சத்தமில்லாமல் அழுதார்.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கேட்டு ஏறக்குறைய நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்தில் இதே கடையில் இருந்துகொண்டு, அது கொழும்புப் படித்தவர்களின் சண்டை என்று நினைத்தேன். நாடு கொடுப்பதோ பல வருடங்களாக 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. அந்தக் குறைவு எங்களிடம் வரும்போது சதவீதமாக வருவதில்லை. சமய ஆசிரியர் கணித வகுப்பில் நிற்பதாக வருகிறது. மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவுக்கு உதவி ஆசிரியர்கள் என்று எங்கள் பிள்ளைகளைத் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்தார்களே, அந்த வடிவத்தில் வருகிறது. அவர்களில் எத்தனையோ பேர் நிரந்தர நியமனம் கேட்டு மனு அடிக்க இந்தக் கடைக்கு வந்தார்கள். அப்போதும் நான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

பெப்ரவரியில் எங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வந்தார். வாரத்தில் மூன்று நாட்கள், தற்காலிக இணைப்பு. நல்ல ஆசிரியர். மகள் இரவில் சமன்பாடு போட ஆரம்பித்தாள். அம்மாக்கள் எல்லோரும் கடைக்கு வந்து கேக் வெட்டினோம்.

மூன்று வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முன்பின் தெரியாதவர். சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, எங்கள் பிள்ளைகளின் கணக்கு சேரை மூன்று நாட்களுக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐயாவுக்கு ஒரு கடிதம் அடித்துத் தருவீர்களா?" என்று கேட்டார்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அவரை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தேன். எடுத்துக்கொண்டது எங்கள் பள்ளிக்கூடம்தான் என்று நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து அந்த அட்டவணையை எடுத்து விரித்தேன். அவருடைய பாடசாலையும் அதில் இருந்தது, எங்களுக்கு நான்கு வரி கீழே. அனுமதிக்கப்பட்ட ஆளணி இரண்டு, இருப்பவர் ஒருவர். அந்த ஒருவரைத்தான் இரண்டாகப் பிரித்திருந்தார்கள்.

இருக்கும் ஆசிரியரை மாற்றித் தரச் சொல்லி எழுத வேண்டாம், புதிதாக ஆட்களை எடுக்கப் பணம் ஒதுக்கச் சொல்லி இரண்டு பாடசாலை அம்மாக்களும் சேர்ந்து எழுதுவோம் என்றேன். "எனக்கு அவ்வளவு எழுத வராதே" என்றார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முதலில் உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள் ஆன்ட்டி, மற்றதை நீங்கள் சொல்லுங்கள், எழுத்து தெரியாத இடத்தில் நான் சொல்லித் தருகிறேன்" என்றாள். அவர் பேனாவைத் திறந்தார்.